தர்மப் பணத்தில் பஸ் டிக்கெட் எடுக்கலாமா?

(வானொலியில் ஒலித்த மறையுரையின் எழுத்து வடிவம். நம் பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



சென்ற மாதம் திருவண்ணாமலைக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து ஒரு நேயர் கடிதம் எழுதியிருந்தார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்லப்போவதில்லை. பெயின்ட் அடிக்கும் வேலை. இரண்டு பிள்ளைகள். அவருடைய தெருவில் ஒரு பையனுக்கு இதயத்தில் வால்வு கோளாறு. வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். பையனின் அப்பா இல்லை, அம்மா கூலி வேலை. இவரும் நண்பர்கள் நான்கு பேரும் சேர்ந்து நிதி திரட்டினார்கள். அன்பியக் கூட்டங்களில் கேட்டார்கள், பஸ் ஸ்டாண்டில் டப்பா பிடித்து நின்றார்கள், இவருடைய செல்போன் எண்ணுக்கே பணம் அனுப்பும்படி வாட்ஸ்அப்பில் போட்டார்கள். 86,000 ரூபாய் சேர்ந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பையன் வீடு திரும்பிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் கடிதத்தின் உண்மையான விஷயம் வருகிறது. போளூர் வழியாக வேலூருக்கு ஆறு முறை போய் வந்த பஸ் செலவு, டீ, சாப்பாடு, ஜெராக்ஸ், ஒரு ஃப்ளெக்ஸ் பேனர், செல்போன் ரீசார்ஜ் என்று 2,140 ரூபாயை அந்தப் பணத்திலிருந்தே எடுத்தாராம். பதினொரு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து மகளுடைய பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. பொங்கலுக்குப் பிறகு திருப்பி வைத்துவிடலாம் என்று 3,500 ரூபாய் எடுத்துக் கட்டிவிட்டார். பொங்கல் போய்விட்டது, பணம் திரும்பவில்லை. பையனின் அம்மாவுக்குத் தெரியாது. நண்பர்களுக்கும் தெரியாது. “சாமி, நான் இப்போது பூசைக்கு வந்தால் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறேன். நற்கருணை வாங்கப் போவதில்லை. பஸ் டிக்கெட்டும் பாவமா, ஸ்கூல் ஃபீஸ் மட்டும்தான் பாவமா? அல்லது இரண்டுமே பாவம் இல்லையா? எனக்கு விளங்கவில்லை” என்று முடித்திருந்தார்.

இந்தக் கடிதத்தை நான் பல நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இது அவருடைய கேள்வி மட்டும் அல்ல. தேர்த்திருவிழாவுக்கு வரி வசூலிக்கிறவர், கெபி கட்ட ரசீதுப் புத்தகம் தூக்குகிறவர், பிடி அரிசி சேர்க்கிற மாதர் சங்கத்து அம்மா, இல்லம் நடத்தும் சகோதரி, பங்குக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் நாங்கள் என்று பிறர் பணம் கையில் தங்கும் எல்லாருக்கும் இந்தக் கேள்வி உண்டு. அவர் கேட்டுவிட்டார், நாம் கேட்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

முதலில் விவிலியத்திலிருந்து ஒரு பழைய கணக்குச் சிக்கலைச் சொல்கிறேன். அரசர்கள் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம். யூதாவின் அரசர் யோவாசு, ஆலயத்தில் விரிசல் விட்ட இடங்களைப் பழுதுபார்க்க வேண்டும் என்று குருக்களிடம் சொல்கிறார். மக்கள் கொண்டுவரும் காணிக்கையை நீங்களே வாங்கி, நீங்களே வேலையைப் பாருங்கள் என்று ஏற்பாடு. ஆண்டுகள் போகின்றன. அரசர் ஆட்சிக்கு வந்து 23 ஆண்டு ஆகியும் ஒரு விரிசல்கூட அடைபடவில்லை. பணம் வந்துகொண்டே இருந்தது, வேலை மட்டும் நடக்கவில்லை.

குருக்கள் திருடினார்கள் என்று அந்தப் பகுதி சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களுடைய சாப்பாட்டுக்கு உரிய பணமும் கட்டட வேலைக்கு உரிய பணமும் ஒரே கைக்கு வந்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டு அனுபவமே சொல்லும். அவசரச் செலவு எப்போதும் முதலில் நிற்கும். சுவர் விரிசல் நாளைக்குக் காத்திருக்கும், பசி காத்திருக்காது.

அரசர் யாரையும் சிறையில் போடவில்லை. தலைமைக் குரு யோயாதா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துளை போட்டு, பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார். நம் ஊர்ப் பேச்சில் அது ஓர் உண்டியல். பெட்டி நிறைந்ததும் அரசரின் எழுத்தரும் தலைமைக் குருவும் சேர்ந்து வந்து எண்ணுகிறார்கள். ஒருவர் மட்டும் எண்ணுவதில்லை. எண்ணிய பணம் மேற்பார்வையாளர் வழியாகத் தச்சருக்கும் கொத்தருக்கும் நேராகப் போகிறது. அந்தப் பணத்தில் ஆலயத்துக்கு வெள்ளிக் கிண்ணம்கூடச் செய்யவில்லை. பழுதுபார்க்கக் கொடுத்தது பழுதுபார்க்கத்தான். ஆனால் அதே பகுதியின் கடைசியில் இன்னொன்றும் இருக்கிறது: குற்றப்பழி, பாவப்பழி காணிக்கைப் பணம் அந்தப் பெட்டியில் போடப்படவில்லை, அது குருக்களுக்கு உரியது. அவர்களும் சாப்பிட வேண்டும் அல்லவா? அதற்கு வேறு வழி வைத்துவிட்டுத்தான் பெட்டிக்குத் துளை போட்டார்கள்.

நம் ஊரில் அண்ணாமலையார் கோயில் உண்டியல் எண்ணும் செய்தியைப் பௌர்ணமி கிரிவலம் முடிந்த சில நாளில் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அறநிலையத் துறை அதிகாரிகள் முன்னிலையில் ஊழியர்களும் தன்னார்வலர்களும் வரிசையாக உட்கார்ந்து எண்ணுவார்கள். ரொக்கம் இவ்வளவு, பொன் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு என்று மறுநாள் ஊருக்கே தெரியும். இதைப் பார்த்து நாம் கற்றுக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நம் பங்குகள் சிலவற்றில் ஞாயிறு காணிக்கைப் பை பூசை முடிந்ததும் எந்த அறைக்குப் போகிறது, யார் எண்ணுகிறார் என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். “சாமியைச் சந்தேகப்படுகிறாயா?” என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் தலைமைக் குரு யோயாதாவையும் அல்லவா சந்தேகப்பட்டிருக்கிறார்கள்! அவரோ தன் கையாலேயே பெட்டிக்குத் துளை போட்டார்.

புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். பணப்பை என்றதும் யூதாசு நினைவுக்கு வருகிறான். யோவான் நற்செய்தியின் 12ஆம் அதிகாரம், பையை வைத்திருந்த அவன் அதில் போடப்பட்டதிலிருந்து எடுத்துக்கொள்வான் என்கிறது. அதே நற்செய்தியின் அடுத்த அதிகாரத்தில், இரவு உணவிலிருந்து அவன் எழுந்து போகும்போது மற்றச் சீடர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? திருவிழாவுக்குத் தேவையானதை வாங்கப் போகிறான், அல்லது ஏழைகளுக்கு ஏதோ கொடுக்கப் போகிறான் என்று. அப்படியானால் அந்த ஒரே பையிலிருந்துதான் இயேசுவும் சீடர்களும் சாப்பிட்டார்கள், ஏழைகளுக்கும் கொடுத்தார்கள். லூக்கா 8ஆம் அதிகாரத்தில் வரும் பெண்கள் தங்கள் உடைமையிலிருந்து கொடுத்ததும் அவர்களுடைய வழிச்செலவுக்காகவே. பொதுப் பையிலிருந்து ரொட்டி வாங்கித் தின்றது குற்றம் என்று நற்செய்தி எங்கும் சொல்லவில்லை. பதினொரு பேரும் தின்றார்கள். ஒருவன் மட்டும் மற்றவர்களுக்குத் தெரியாமல் எடுத்தான்.

பவுலடியாரிடம் இது இன்னும் தெளிவாக இருக்கிறது. அவருக்கு இரண்டு விதமான பணம் வந்தது. ஒன்று, பிலிப்பி நகரத்துச் சபை அவருடைய சொந்தத் தேவைக்காக அனுப்பியது. அதை அவர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார், பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில் நன்றியும் சொல்கிறார். மற்றொன்று, எருசலேமில் வறுமையில் இருந்த இறைமக்களுக்காக மக்கதோனியாவிலும் அக்காயாவிலும் கொரிந்திலும் திரட்டிய பெருந்தொகை. இதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போக அவர் சம்மதிக்கவில்லை. நீங்களே நம்பிக்கையான ஆட்களைத் தேர்ந்தெடுங்கள், அவர்கள் கொண்டுபோகட்டும் என்று கொரிந்தியருக்கு எழுதினார். தீத்துவோடு, சபைகள் தேர்ந்தெடுத்த இன்னொரு சகோதரரையும் அனுப்பினார். இவ்வளவு பெரிய தொகையில் யாரும் எங்களைக் குறை சொல்லிவிடக் கூடாது, ஆண்டவர் முன் மட்டும் அல்ல, மனிதர் முன்னும் நாங்கள் நேர்மையாக இருக்க வேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். ‘கடவுளுக்குத் தெரியும்’ என்று சொல்லிவிட்டு நகரக்கூடியவராகத் திருச்சபையில் ஒருவர் இருந்திருந்தால் அது பவுல்தான். அவரே அப்படிச் சொல்லவில்லை.

உழைக்கிறவனுக்கு உணவு உண்டு என்ற உரிமையை அவர் மறுக்கவும் இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ஆம் அதிகாரம் முழுக்க அந்த வாதம்தான். ஆனாலும் கொரிந்தில் அவர் அக்கிலாவோடு கூடாரம் தைத்துச் சாப்பிட்டார். திருத்தூதர் பணிகள் நூலில் ஓர் இடம் என்னை எப்போதும் உலுக்கும். ஆளுநர் பெலிக்சு முன் நிற்கும்போது, என் மக்களுக்குத் தர்மப் பணம் கொண்டுவந்தேன் என்று பவுல் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். பணம் புழங்கும் ஆள் என்று தெரிந்த பெலிக்சு, கையூட்டு வரும் என்று காத்திருக்கிறான், அடிக்கடி கூப்பிட்டுப் பேசுகிறான். இரண்டு ஆண்டு கழிகிறது. பணம் வரவில்லை. பவுல் சிறையிலேயே இருந்தார்.

சரி, நம் நேயரின் கேள்விக்கு அளவுகோல் எது? கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2408ஆம் எண்ணில், பிறர் பொருளை அதன் உரிமையாளரின் நியாயமான விருப்பத்துக்கு மாறாக எடுத்துக்கொள்வதே திருட்டு என்ற கருத்தைச் சொல்கிறது. அவர் சம்மதிப்பார் என்று நியாயமாக நம்ப இடம் இருந்தால் அது திருட்டு அல்ல என்றும் சேர்த்துச் சொல்கிறது. இங்கே ‘நியாயமான விருப்பம்’ என்பதுதான் சாவி. பஸ் ஸ்டாண்டில் பத்து ரூபாய் போட்ட அந்தப் பூக்கார அம்மாவை நிறுத்தி, “அம்மா, இந்தப் பையனை வேலூருக்குக் கூட்டிப்போகிற பஸ் செலவை இதிலிருந்து எடுக்கலாமா?” என்று கேட்டால் என்ன சொல்வார்? “இதுக்கு எதுக்கப்பா கேக்கிற, எடுத்துக்கோ” என்பார். ஆகவே பஸ் டிக்கெட் பாவம் அல்ல. ஜெராக்ஸ் பாவம் அல்ல. டீயும் ஒரு பொட்டலம் சாப்பாடும் பாவம் அல்ல. அவை பையனுக்காகவே ஆன செலவு.

ஃப்ளெக்ஸ் பேனர் விஷயத்தில் ஒரு வார்த்தை. நிதி கேட்கும் பேனர்களில் நோயாளியின் படம் ஸ்டாம்பு அளவிலும், ஏற்பாடு செய்தவர்களின் படங்கள் ஆள் உயரத்திலும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேனரின் செலவைப் பூக்கார அம்மா ஒப்புக்கொள்வாரா என்று எனக்குச் சந்தேகம்.

பதினொரு நாள் வேலைக்குப் போகாத இழப்பு? இது கொஞ்சம் கடினமான இடம். தெரியாத்தனமாக ‘சேவை என்றால் இலவசமாகத்தான் செய்ய வேண்டும்’ என்று சொல்லிவிட நான் தயாராக இல்லை. பாலம் கல்யாணசுந்தரம் ஐயாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் கல்லூரியில் நூலகர். முப்பது ஆண்டுக்கு மேல் சம்பளத்தை அப்படியே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, தன் வயிற்றுக்கு ஓட்டலில் வேலை பார்த்தவர். 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. கைகூப்பி வணங்க வேண்டிய மனிதர். ஆனால் இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு பெயின்டரிடம், நீயும் அப்படியே இரு என்று நாம் எந்த வாயால் சொல்வது? பதினொரு நாள் கூலி போனால் அந்த வீட்டில் அரிசிப் பானை காய்கிறது. அவருக்கு ஒரு ஈடு கொடுப்பது நியாயமாக இருக்கலாம். ஆனால் அதை அவரே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டு எடுக்க முடியாது. நண்பர்கள் நான்கு பேரும், பையனின் அம்மாவும் உட்கார்ந்து, “இவருக்கு இவ்வளவு கொடுப்போம்” என்று முடிவு செய்து நோட்டில் எழுதியிருந்தால், அது கூலி. யாருக்கும் தெரியாமல் எடுத்தால் அதே தொகை வேறு பெயர் பெறுகிறது.

நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நிற்கிறது. தனியார் அறக்கட்டளைகளுக்கான 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம், பொறுப்பாளர் முறையாகச் செய்த செலவைத் திரும்பப் பெறலாம் என்கிறது. ஆனால் முன்கூட்டியே ஏற்பாடு இல்லாமல் தன் உழைப்புக்கு ஊதியம் எடுக்கவோ, அந்தச் சொத்தைத் தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்தவோ முடியாது. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் நிறுவனங்களுக்கு நிர்வாகச் செலவு பாதி வரை போகலாம் என்று இருந்ததை 2020இல் 20 விழுக்காடாகக் குறைத்தார்கள். நம்பி ஒப்படைத்த பணத்தைச் சொந்தத்துக்கு எடுத்தால் அது நம்பிக்கை மோசடி. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 316ஆம் பிரிவு. சட்டம் பேசுவதைச் சொன்னேனே தவிர, நம் நேயரைப் பயமுறுத்த அல்ல.

திருச்சபைச் சட்டம் இன்னும் நேராகப் பேசுகிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது 1267ஆம் விதி. மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது 1287ஆம் விதி. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்பது 537ஆம் விதி. குருக்களுக்கு வாழ்க்கைப் படி உண்டு, அது எங்கள் உரிமை; 281ஆம் விதி அதைச் சொல்கிறது. ஆனால் ஒரே நாளில் மூன்று பூசை வைத்தாலும் ஒரு பூசையின் காணிக்கையைத்தான் குரு தனக்கு வைத்துக்கொள்ளலாம், மற்றவை ஆயர் குறித்த நோக்கத்துக்குப் போக வேண்டும், கிறிஸ்து பிறப்பு நாள் மட்டும் விலக்கு. இது பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்கட்டும் என்றே சொல்கிறேன்.

நம் வீட்டைப் பற்றிப் பேசாமல் அடுத்த வீட்டைப் பேசினால் அது நேர்மை ஆகாது. 2023 டிசம்பர் 16 அன்று வத்திக்கான் நீதிமன்றம் ஒரு கர்தினாலுக்கு ஐந்தரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. சாட்டப்பட்டவற்றுள் ஒன்று, திருப்பீடத்தின் பணத்திலிருந்து 1,25,000 யூரோ அவருடைய சகோதரர் நடத்திய தொண்டுக் கூட்டுறவு அமைப்புக்குப் போனது. அது ஏழைகளுக்கான அமைப்புதான், நான் எனக்காக எதுவும் எடுக்கவில்லை என்று அவர் மறுத்து மேல்முறையீடு செய்திருக்கிறார். அதன் முடிவு எப்படியானாலும், தொண்டுப் பணம் நம் குடும்பத்தார் பக்கம் திரும்பும்போது, நோக்கம் நல்லதாக இருந்தாலும் நாம் விலகி நின்று வேறொருவரை முடிவு செய்ய விட வேண்டும் என்பதை அந்த வழக்கு எங்களுக்கெல்லாம் உரக்கச் சொன்னது.

இங்கிலாந்தில் கேப்டன் டாம் மூர் என்ற முதியவர். கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், 99 வயதில் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தன் தோட்டத்தில் நூறு சுற்று நடந்து, மருத்துவப் பணியாளர்களுக்கான தொண்டு அமைப்புகளுக்கு 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார். அந்தப் பணம் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு குடும்பத்தார் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். 2024 நவம்பரில் அந்நாட்டு அறக்கட்டளை ஆணையம் தன் அறிக்கையில், அறக்கட்டளையின் பெயரால் குடும்பம் தனிப்பட்ட ஆதாயம் அடைந்ததாகச் சொன்னது. விருது நிகழ்ச்சி ஒன்றில் அறக்கட்டளையின் தலைமைச் செயல் அலுவலராக இருந்தபோதே கலந்துகொண்டதற்கு 18,000 பவுண்டு மகளுக்குப் போயிருந்தது. கட்டட அனுமதிக்கு அறக்கட்டளையின் பெயரைச் சொல்லிவிட்டு, வீட்டருகே நீச்சல் தொட்டியோடு எழுப்பிய கட்டடத்தை இடிக்க நேர்ந்தது. அந்த நூறு சுற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரியவர் நடந்த நடை இன்று வேறு செய்தியோடு சேர்த்துத்தான் பேசப்படுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு உண்டு. கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி. 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தார். வக்கீல் தொழில் செய்ய உரிமம் இல்லை, கப்பல் கம்பெனி போய்விட்டது, சென்னையில் குடும்பத்தோடு வறுமை. தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள், பெரும்பாலும் உழைத்துப் பிழைக்கும் எளிய மக்கள், அவருக்காகப் பணம் சேர்த்தார்கள். அந்தத் தொகையில் ஒரு பகுதி காந்தியடிகள் கைக்கு வந்தது. 1915இல் அவர் சென்னைக்கு வந்தபோது இருவருக்கும் இது பற்றிக் கடிதம் நடந்தது. அந்தப் பணம் வந்து சேர்ந்ததா என்று காந்தி கேட்க, இல்லை, என் இப்போதைய நிலையில் அது பேருதவி என்று வ.உ.சி. எழுத, விவரம் விசாரிக்க வேண்டும் என்று காந்தி எழுத, மாதங்கள் ஓடின. 1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் பணம் வந்து சேர்ந்தது: 347 ரூபாய் 12 அணா. ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களைத் தேடித் தொகுத்து, இந்தத் தொகையையே தலைப்பில் வைத்து ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

இதில் நமக்கு இரண்டு விஷயம். காந்தி ஒரு காசு எடுக்கவில்லை. அப்படி நினைப்பதற்கே இடம் இல்லை. ஆனால் கொடுத்தவர் யார், எவ்வளவு என்ற குறிப்பு கையில் இல்லாமல் போனதால், பசியில் இருந்த ஒரு குடும்பம் காத்திருக்க நேர்ந்தது. கணக்கில் குறை வைப்பதும் ஏழையின் சோற்றை எட்டத்தில் வைக்கிறது. இன்னொன்று, அந்தப் பணம் முழுக்க முழுக்க வ.உ.சி.யின் வீட்டுச் செலவுக்குத்தான் கொடுக்கப்பட்டது. அரிசிக்கும் வாடகைக்கும் பிள்ளைகளுக்கும். அதை வாங்குவதில் அவருக்கு எந்த இழுக்கும் இல்லை, ஏனென்றால் கொடுத்தவர்கள் அதற்கென்றே கொடுத்தார்கள். சொந்தச் செலவு என்பது தன்னளவில் கெட்ட வார்த்தை அல்ல. யார் பெயரைச் சொல்லிக் கேட்டோமோ அவருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால், சகோதரரே, உங்கள் மகளின் 3,500 ரூபாய்க்கு வருவோம். அது உங்கள் பேராசையால் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டணத்துக்காக நீங்கள் அன்பியத்தில் நேராகக் கேட்டிருந்தால், பையனுக்குக் கொடுத்த அதே மக்கள் உங்களுக்கும் கொடுத்திருப்பார்கள். புனித வின்சென்ட் தே பவுல் சபை எதற்கு இருக்கிறது? 1833இல் பாரிசில் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய அந்தச் சபையில், கூட்டம் முடியும்போது உறுப்பினர்கள் தங்கள் சொந்தக் காசை ஒரு பையில் போடுவார்கள்; யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. கொடுக்கும் கை மறைந்திருக்கலாம், எடுக்கும் கை மறையக் கூடாது. உங்களுக்குக் கேட்க வெட்கமாக இருந்தது. பிறருக்காகப் பஸ் ஸ்டாண்டில் டப்பா பிடிக்க வெட்கப்படாத நீங்கள், உங்கள் பிள்ளைக்காக ஒரு வார்த்தை கேட்க வெட்கப்பட்டீர்கள். இதில் உங்களைச் சுற்றி இருந்த எங்களுக்கும் பங்கு உண்டு. பதினொரு நாள் ஒருவன் வேலைக்குப் போகாமல் அலைகிறான், அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பங்கில் ஒருவரும் கேட்கவில்லையே.

ஆனாலும் அந்தப் பணம் பையனுடையது. கடனாக எடுத்தேன் என்றால், கடன் கொடுத்தவருக்குத் தெரியாமல் கடன் இல்லை. திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்.

எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் ஒப்புரவு அருளடையாளத்துக்குப் போங்கள், எந்தக் குருவிடம் என்றாலும் சரி. கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டு இன்னொரு ஞாயிற்றைத் தள்ளிப்போடாதீர்கள். பிறகு ஒரு நோட்டு வாங்குங்கள். 86,000 வரவு, மருத்துவமனையில் கட்டியது, 2,140 வழிச்செலவு, 3,500 நான் எடுத்தது என்று எழுதுங்கள். பஸ் டிக்கெட் தொலைந்திருந்தால் தேதியும் தொகையும் மட்டும் எழுதுங்கள், பொய் ரசீது எழுதாதீர்கள். நண்பர்கள் நான்கு பேரையும் ஒரு மாலை கூப்பிட்டு நோட்டை நடுவில் வையுங்கள். அவர்கள் பார்வை மாறிவிடும் என்று பயப்படுகிறீர்கள். மாறலாம். ஆனால் நோட்டை நீங்களே வைத்தால் அது ஒரு மாதிரி மாறும், அவர்களாகக் கண்டுபிடித்தால் வேறு மாதிரி மாறும். அதற்குப் பிறகு அந்த அம்மாவிடம் போங்கள். மாதம் 500 என்றால் ஏழு மாதம். ஆபரேஷன் ஆன பையனுக்கு மாத்திரையும் பரிசோதனையும் தொடர்ந்து இருக்கும், அந்த 500 வீண் போகாது. உங்கள் கூலி இழப்புக்காகத் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளிவிடுகிறோம் என்று அவர்களாகவே சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள்; நீங்களாகக் கேட்டுக் கழிக்காதீர்கள்.

அடுத்த முறை நிதி திரட்டுகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. கேட்பதற்கு முன்பே முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை அந்தக் குடும்பத்துக்கு இருக்கிறதா, அந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று விசாரியுங்கள். பணத்தை உங்கள் சொந்தச் செல்போன் எண்ணுக்கு வாங்காதீர்கள். நோயாளியின் பெயரில் உள்ள கணக்குக்கோ, முடிந்தால் நேராக மருத்துவமனைக் கணக்குக்கோ போகட்டும். உங்கள் பால் பாக்கியும் பிறருடைய ஆபரேஷன் பணமும் ஒரே திரையில் ஒரே தொகையாகத் தெரிந்தால், யோவாசு காலத்துக் குருக்களின் கதிதான் நமக்கும். வழிச்செலவு இதிலிருந்து எடுக்கப்படும் என்று கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். மிச்சம் வந்தால், அல்லது நோயாளி இறந்துபோனால் என்ன செய்வது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இறந்தபின் அடக்கச் செலவுக்கு எடுக்கலாமா என்று சவப்பெட்டிக் கடை வாசலில் நின்று விவாதிப்பது கொடுமை. நான் அப்படி நின்றிருக்கிறேன்.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது, ஷெல் என்ற வங்கியாளர் மறைந்த தன் மனைவியின் நினைவாகப் பெண்களுக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்த 10,000 டாலரோடு வந்தார். 1902இல் திறந்த அந்த மருத்துவமனைக்கு அந்த மனைவியின் பெயரே வைக்கப்பட்டது: மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. கேட்டது எதற்கோ அதற்கே போனது, யார் நினைவுக்கோ அவர் பெயர் வாசலில் நின்றது. நம் பெயின்டர் சகோதரர் ஆறு முறை பஸ் ஏறிப் போன அதே ஊர்.

கடிதத்தின் ஓரத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தார். தெருவில் இன்னொரு வீட்டில் ஒரு பாட்டிக்குக் கண் ஆபரேஷன் வேண்டுமாம், நிதி சேர்க்க மறுபடியும் இவரைத்தான் கூப்பிடுகிறார்களாம். எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்கிறார். போங்கள், சகோதரரே. டப்பாவை நீங்களே பிடியுங்கள். சாவி மட்டும் வேறொருவரிடம் இருக்கட்டும்.